ஒலிப்பதிவுக் கருவிகளும் ஓர் அவ்வாவின் குரலும்

மூன்று மாதங்களாக நான் எங்கே போயிருந்தேன், ஆய்வேட்டின் நான்காம் இயல் ஏன் இன்னும் முடியவில்லை என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கான விடையே இந்த நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் வாசிக்கலாம். சுருக்கமாகச் சொன்னால், 38 ஒலிநாடாக்களையும் 11 மினிடிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்தபோது, ஒலிப்பதிவுக் கருவிகளைப் பற்றியும் என்னைப் பற்றியும் நான் கொண்டிருந்த சில எண்ணங்கள் மாறியிருந்தன.

ஆதிலாபாத் பகுதியில் வழங்கும் கொலாமி, நம் தமிழுக்கு உறவுமுறை கொண்ட நடுத்திராவிட மொழி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் சுமார் 1,28,000 பேர். எமனோ 1955இல் வெளியிட்ட கொலாமி இலக்கணத்தை முதுகலை வகுப்பில் வாசித்த நாளிலிருந்தே அந்த மொழியின் மீது எனக்கு ஈடுபாடு. 2020 ஜனவரியில் முதுகலை ஆய்வுக்காக அங்கே ஒரு சிற்றூருக்குச் சென்றேன். எனக்கு மொழி சொல்லித்தந்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. தெலுங்கில் பாட்டியை அழைப்பதுபோல் நானும் அவரை ‘அவ்வா’ என்றே அழைத்தேன்.

துறையில் இரவல் பெற்ற பதிவுக் கருவி என்னிடம் இருந்தது. 32 ஜிபி நினைவக அட்டை. சுருக்காத வடிவில் ஒற்றைத் தடத்தில் பதிந்தால் ஏறக்குறைய 100 மணி நேரம் கொள்ளும். நான் தேடிச் சென்றது உயிரொலிகளின் நீளம். 214 சொற்கள், ஒவ்வொன்றும் மூன்று முறை, ஒரே சட்டகத் தொடருக்குள். அவ்வா பொறுமையாகச் சொல்லித்தந்தார். ஆனால் ‘மழை’ என்ற சொல்லுக்கு வந்ததும் ஏதோவொரு வருடத்துப் பெருமழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் நிறுத்தப் பொத்தானை அமுக்கினேன். ‘மருமகள்’ என்ற சொல்லில் மறுபடியும் பேச்சு நீண்டது. மறுபடியும் நிறுத்தினேன். என் களக் குறிப்பேட்டில் ‘பேச்சு, தொடர்பில்லை’ என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறேன். 100 மணி நேரம் கொள்ளும் அட்டையில் நான் கொண்டுவந்தது 47 நிமிடம். அது தூய்மையான தரவு என்று வகுப்பில் பாராட்டும் கிடைத்தது.

அவ்வா 2021இல் காலமானார். செய்தி எனக்கு ஆறு மாதம் கழித்தே தெரிந்தது. கடந்த நவம்பரில் முனைவர் பட்ட ஆய்வுக்காக மீண்டும் அந்த ஊருக்குச் சென்றபோது, அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் அவருடைய பேத்தி என்னிடம் கேட்டாள்:

“அக்கா, அவ்வாவின் குரல் உங்களிடம் இருக்குமா? எங்களிடம் ஒரு புகைப்படம் மட்டும்தான் இருக்கிறது.”

இருக்கிறது என்றேன். மடிக்கணினியைத் திறந்து ஓட்டிக் காட்டினேன். அவ்வா ஒரு சொல்லை மூன்று முறை சொன்னார். அடுத்த சொல்லை மூன்று முறை சொன்னார். பேத்தி ஐந்தாறு சொற்கள் வரை கேட்டாள். பிறகு, “அவ்வா பேசுவது இல்லையா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஐதராபாத் திரும்பியதும் பணி ஓய்வு பெற்றிருந்த என் நெறியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் 1990களில் அதே ஊரில் களப்பணி செய்தவர்; அவ்வாவை எனக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஓர் இரும்புப் பெட்டியை இழுத்து வந்தார். 1994 முதல் 1998 வரையிலான 38 ஒலிநாடாக்கள், 2003க்குப் பிந்திய 11 மினிடிஸ்க்குகள். “இவற்றில் அந்த அம்மா நிறையவே இருக்கிறார். வேண்டிய வாக்கியங்களை மட்டும் அப்போதே எழுதிக்கொண்டேன். மிச்சத்தை நானும் திரும்பக் கேட்டதில்லை. எடுத்துப் போய்க் கேட்டுப் பாரம்மா” என்றார்.

கேட்பதற்குக் கருவி வேண்டுமே. அதைத் தேடி அலைந்த வாரங்களில்தான் இந்தக் கருவிகளின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். பெட்டிக்குள் இருந்தவற்றில் பாதி ஒரே நிறுவனத்தின் பரம்பரையைச் சேர்ந்தவை என்பதால், சோனியின் கதை என் மேசைமேல் தானாகவே விரிந்தது.

இசை கேட்பதற்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம் அது என்றே நான் எண்ணியிருந்தேன். தொடக்கம் வேறு விதமானது. மசாரு இபுக்காவும் அகியோ மொரிட்டாவும் 1946 மே 7ஆம் நாள் தோக்கியோவில் தொடங்கிய சிறு நிறுவனத்தின் முதல் பெரிய தயாரிப்பு, 1950இல் வந்த ஒலிப்பதிவுக் கருவி. நாடாவுக்கு நெகிழி கிடைக்காத காலம், காகிதத்தைத்தான் பயன்படுத்தினார்கள். இரும்புச் சேர்மத்தை வாணலியில் வறுத்துக் காந்தப் பொடியாக்கி, அதைத் தூரிகையால் காகிதத்தின் மீது பூசிப் பார்த்திருக்கிறார்கள். கருவி மிகக் கனமானது, விலையும் மிகுதி. வாங்க ஆளில்லாத நிலையில் கைகொடுத்தவை நீதிமன்றங்கள். போருக்குப் பின் சுருக்கெழுத்தர்களுக்குப் பற்றாக்குறை இருந்ததால், சாட்சியம் பதிய ஜப்பானிய உச்ச நீதிமன்றம் இருபதுக்கும் குறையாத கருவிகளை வாங்கியது. அடுத்துப் பள்ளிகள் வாங்கின. ஆக, அந்தப் பரம்பரையின் மூத்த கருவி பாட்டுக்காகப் பிறந்ததன்று. மனிதர் பேசுவதைப் பதிவதற்காகப் பிறந்தது.

1951இல் தோளில் தொங்கவிட்டு எடுத்துச் செல்லத்தக்க கருவி வந்தது. வானொலிச் செய்தியாளர்கள் அதைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் பேட்டி எடுத்தார்கள். அப்போது புகழ்பெற்றிருந்த செய்தித்தாள் சித்திரக்கதை ஒன்றின் நாயகன் ‘தென்சுகே’யும் அத்தகைய கருவியோடு தோன்ற, கருவிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பிற்காலத்துப் பதிவுக் கருவிகளுக்கும் நிறுவனம் அதே பெயரைச் சூட்டியது.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிடம் உரிமம் பெற்று, 1955இல் டிஆர்-55, 1957இல் டிஆர்-63 ஆகிய வானொலிகளைக் கொண்டுவந்தார்கள். பின்னதைச் ‘சட்டைப்பையில் அடங்குவது’ என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அது சாதாரணச் சட்டைப்பையைவிடச் சற்றே பெரியது. எனவே விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார்களாம். மொரிட்டாவே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து எடுத்த ‘சோனி’ என்பது 1958இல் நிறுவனத்தின் முறையான பெயராயிற்று.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதை ஏற்று 1966இல் டிசி-100, 1968இல் உள்ளங்கையில் அடங்கும் டிசி-50 ஆகிய பதிவுக் கருவிகளை சோனி வெளியிட்டது. டிசி-50 அப்பல்லோ விண்வெளி வீரர்களோடு நிலவுப் பயணமும் போயிருக்கிறது. வீரர்கள் தம் குறிப்புகளைக் குரலாகப் பதிந்துகொள்வதற்காக அதை எடுத்துச் சென்றார்கள்.

இதுவரை வந்தவற்றில் வானொலியைத் தவிர மற்ற எல்லாமே பேச்சைப் பதியும் கருவிகள். 1979இல் கதை திரும்புகிறது. இபுக்கா நீண்ட விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பினார். அவர் எடுத்துச் சென்ற டிசி-டி5 கருவி தரமானது, ஆனால் கனமானது. செய்தியாளர்களுக்காகச் செய்யப்பட்ட ‘பிரஸ்மேன்’ என்னும் சிறிய பதிவுக் கருவியை மாற்றி, பதியும் வசதியையும் ஒலிபெருக்கியையும் நீக்கிவிட்டு, இரட்டைத் தட இசையைக் காதொலிப்பானில் கேட்கும் வகையில் ஒன்று செய்து தரச் சொன்னார். பதிய முடியாத நாடாக் கருவியை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே ஐயம் எழுந்தது. மொரிட்டா தாமே பொறுப்பேற்றுக்கொண்டார். 1979 ஜூலை 1ஆம் நாள் டிபிஎஸ்-எல்2 என்ற முதல் வாக்மேன் 33,000 யென் விலைக்கு வெளிவந்தது. முதல் மாதம் விற்பனை மந்தம். ஆகஸ்டு முடிவதற்குள் முதலில் செய்த 30,000 கருவிகளும் தீர்ந்துபோயின.

அந்த முதல் வாக்மேனில் இரண்டு அம்சங்கள் இருந்தன. ஒன்று, காதொலிப்பானுக்கு இரண்டு துளைகள். மாதிரிக் கருவியை வீட்டில் மொரிட்டா தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தாம் வெளியே நிறுத்தப்பட்டதாக அவருடைய மனைவி உணர்ந்ததைக் கண்டு, இருவர் சேர்ந்து கேட்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினாராம். இரண்டாவது, ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்று. அதை அமுக்கினால் இசை தணியும்; கருவியிலுள்ள சிறு ஒலிவாங்கி வழியாக அருகிலிருப்பவர் பேசுவது காதில் விழும். ஆனால் வாங்கியவர்களுக்குத் தனியாகக் கேட்பதே பிடித்திருந்தது. பின்வந்த வடிவங்களில் அந்தப் பொத்தான் இல்லாமற்போயிற்று. ஒற்றைத் துளையே வழக்கமாயிற்று.

மொழியியல் மாணவர்களுக்கு வாக்மேன் வேறொரு வகையிலும் பழக்கமானது. முதலில் அமெரிக்காவில் ‘சவுண்டபவுட்’, பிரிட்டனில் ‘ஸ்டோஅவே’, சுவீடனில் ‘ஃபிரீஸ்டைல்’ என்று நாட்டுக்கொரு பெயர் வைத்தார்கள். ஜப்பானியர் ஆக்கிய ஆங்கிலச் சொல்லான ‘வாக்மேன்’ ஆங்கிலேயர் காதுக்கு இயல்பாக ஒலிக்காது என்பது அச்சம். ஆனால் மக்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 1986இல் அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியது. பிரெஞ்சு மொழிக்காவலர்கள் அதற்கெதிராக ‘பலதூர்’ என்ற சொல்லை நிறுத்தினார்கள். ஆஸ்திரிய உச்ச நீதிமன்றம் 2002இல் அது பொதுச்சொல்லாகிவிட்டது என்றே தீர்ப்பளித்தது. அதன் ஆங்கிலப் பன்மை என்ன என்பதும் உருபனியல் வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி. ‘மேன்’ என்பதன் பன்மை ‘மென்’. எனினும் பலர் ‘வாக்மேன்ஸ்’ என்கிறார்கள். வாக்மேன் ஒருவகை மனிதன் அன்று. சொல்லின் உள்ளுறுப்பு தலைமை இழந்ததால், அதன் ஒழுங்கற்ற பன்மையும் மேலே ஏறி வரவில்லை என்பது ஸ்டீவன் பிங்கர் முதலியோர் தரும் விளக்கம். நம் ஊரில் இந்தச் சிக்கலே இல்லை. எந்த நிறுவனம் செய்ததானாலும் அது வாக்மேன்தான், பலவானால் வாக்மேன்கள். வளைகுடாவிலிருந்து பெரியப்பா கொண்டுவந்த கருவியின் மேல் வேறொரு பெயர் இருந்தது. அதையும் வாக்மேன் என்றே சொல்லி வளர்ந்தோம்.

வாக்மேனின் புகழ் பதிவுக் கருவிகளின் கிளையை மறைத்தது, அழித்துவிடவில்லை. 1984இல் வந்த ‘வாக்மேன் புரொஃபெஷனல்’ டபிள்யூஎம்-டி6சி, பதிவு வசதியை மீண்டும் சேர்த்துக்கொண்ட வாக்மேன். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. நகர வேண்டும். வேகம் தளர்ந்தால் குரலின் சுருதியும் ஒலியனின் அதிர்வெண்களும் சேர்ந்து தாழும், அளவீடு பொய்யாகும். இதில் குவார்ட்சு படிகத்தைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். எனவே செய்தியாளர்களும் பறவை ஒலி ஆய்வாளர்களும் களமொழியியலாளர்களும் இதை விரும்பினார்கள். என் நெறியாளரும் வெளிநாட்டு நண்பர் ஒருவர் வழியாக 1995இல் பழையது ஒன்றை வாங்கியிருந்தார். அதற்கு முந்திய 12 நாடாக்கள் சாதாரணச் சிறு கருவியில் பதிந்தவை.

1984இல் டிஸ்க்மேன், 1990இல் எண்முறை நாடாவான டேட்டின் வாக்மேன், 1992இல் மினிடிஸ்க் என்று அடுத்தடுத்து வந்தன. மினிடிஸ்க் கையடக்கமானது, நாடாவைப்போல் சிக்காது, வேண்டிய இடத்துக்கு உடனே தாவலாம். ஆனால் 74 நிமிடத்தை அந்தச் சிறு தட்டில் அடக்குவதற்காக, குறுந்தட்டில் உள்ள தகவலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். ஓங்கிய ஒலி அருகிலுள்ள மெல்லிய ஒலியை மனிதச் செவியிலிருந்து மறைத்துவிடும் என்பது அந்தச் சுருக்கத்தின் அடிப்படை. கேட்காததை எறிந்துவிடலாம் என்பது அதன் கணக்கு. செவிக்கு அது சரி. ஒலியை அளக்க வந்தவனுக்கு, எறியப்பட்டது எது என்ற கேள்வி எஞ்சும். அதனால்தான் சுருக்காத வடிவில் பதியுங்கள் என்று எங்களுக்கு முதல் வகுப்பிலேயே கற்பிக்கிறார்கள்.

இன்னொரு தடையும் இருந்தது. சோனி 1988இல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தை வாங்கியிருந்தது. கருவி செய்பவரும் பாட்டின் உரிமையாளரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கியபின், பிரதியெடுத்தலைக் கட்டுப்படுத்துவது கருவியின் வடிவமைப்புக்குள்ளேயே வந்தது. 1999இல் வந்த நினைவக வாக்மேன், பாடல்களைத் தன் சொந்த வடிவத்துக்கு மாற்றியே ஏற்றுக்கொண்டது. 2001இல் வந்த நெட்எம்டி மினிடிஸ்க்குகளில் கணினியிலிருந்து தட்டுக்கு ஏற்றலாம். நாம் ஒலிவாங்கியால் பதிந்ததைத் தட்டிலிருந்து கணினிக்கு இறக்க முடியாது. அதே ஆண்டில் ஆப்பிளின் ஐபாட் வந்தது. மிச்சக் கதை எல்லோருக்கும் தெரியும். 2006இல் வந்த கடைசி மினிடிஸ்க் பதிவுக் கருவியில்தான் பழைய பதிவுகளைக் கணினிக்கு இறக்கும் வழி கிடைத்தது. அதற்குள் பலர் மினிடிஸ்க்கை விட்டு விலகியிருந்தார்கள். பேச்சைப் பதியும் கிளையில் 2005இல் பிசிஎம்-டி1, 2007இல் பிசிஎம்-டி50 என்று சுருக்காமல் பதியும் நல்ல கருவிகள் பின்னர் வந்தன.

இனி என் பெட்டிக்கு வருகிறேன். கோட்டியில் குஜராத்தி கல்லியில் ஒரு பழுதுபார்ப்பவரைக் கண்டுபிடித்தேன். மேலே பெயர் அழிந்துபோன ஒரு பழைய நாடாக் கருவியை எடுத்து, உள்ளே கூழாகிப்போன ரப்பர் பட்டையைச் சுரண்டித் துடைத்துப் புதியதைப் போட்டார். “இந்தக் காலத்தில் கேசட் யாருக்கு, பேட்டா?” என்று தக்கினி உருதுவில் கேட்டார். ஒரு பாட்டிக்கு என்றேன். கூலியில் ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டார். மினிடிஸ்க் கருவியைப் புனேயிலிருந்து ஒரு நண்பர் அஞ்சலில் அனுப்பினார். அது தட்டிலிருந்து கணினிக்கு நேராக இறக்கும் வகை அன்று. காதொலிப்பான் துளையிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்குள் பதிய வேண்டும். 74 நிமிடத் தட்டுக்கு 74 நிமிடம். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம், நடுவில் எழுந்து பக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும். குறுக்கு வழியே இல்லை. இல்லாததுதான் நல்லதாயிற்று. குறுக்கு வழி இருந்திருந்தால், கோப்புகளை இறக்கிவைத்துவிட்டு நானும் கேட்காமலே விட்டிருப்பேன்.

முதல் நாடாவிலேயே அவ்வா இருந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நெறியாளர் ஒரு வாக்கியம் கேட்கிறார், அவர் சொல்கிறார். பிறகு ஆட்டை விரட்டுகிறார். யாரோ வருகிறார்கள், விறகைப் பற்றி ஏதோ பேச்சு. “சாப்பிட்டாயா?” என்று நெறியாளரைத் தெலுங்கில் கேட்கிறார். நாடா ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த முதல் 12 நாடாக்களைப் பதிந்த கருவியில் ஒலியளவைத் தானே சரிசெய்யும் வசதி இருந்திருக்கிறது. எங்கள் பாடநூல்கள் கூடவே கூடாது என்று எச்சரிக்கும் வசதி அது. பேசுபவர் நிறுத்தியதும், ஒலி குறைந்துவிட்டதென்று எண்ணிக் கருவி தன் உணர்திறனைக் கூட்டும். சுற்றுப்புற இரைச்சல் மேலெழுந்து வரும். ஒலியலை ஆய்வுக்கு அது கேடு. ஆனால் அவ்வா மூச்சு வாங்கிய ஒவ்வோர் இடைவெளியிலும் அந்த ஊரே மேலெழுந்து வந்தது. சேவல், உரல், தூரத்தில் ஒரு குழந்தையின் அழுகை. நான் கொண்டுவந்த தூய்மையான 47 நிமிடத்தில் ஊர் என்று ஒன்றே இல்லை.

ஏழாம் நாடாவில் அந்தப் பெருமழை வந்தது. நான் நிறுத்தப் பொத்தானை அமுக்கிய அதே கதை. முழுதாகப் பதினொரு நிமிடம். ஓடை பெருகியதும், இரவில் மாடுகளை அவிழ்த்துவிட்டதும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியதும். என் கொலாமி அறிவுக்கு எட்டியவரை எழுதிப் பார்த்தேன். சொற்பட்டியலில் ஒருபோதும் கிடைக்காத வினைவடிவங்கள் அந்தப் பதினொரு நிமிடத்தில் வந்தன. உயிரொலிகளின் நீளத்தைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு முடிவும் ஆட்டம் கண்டது. சட்டகத் தொடரில் நெடிலாக நான் அளந்தவற்றில் சில, ஓடும் பேச்சில் அவ்வளவு நெடிலாக இல்லை. நான்காம் இயல் முடியாததற்கு அதுவே காரணம்.

நெறியாளரிடம் போய்க் கேட்டேன், எதற்காக நாடாவை நிறுத்தாமல் ஓடவிட்டீர்கள் என்று. ஆழ்ந்த கொள்கை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: “நான் பொத்தானைத் தொடும்போதெல்லாம் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டுக் கருவியைப் பார்ப்பார். அதனால் ஒரு பக்கம் முடியும்வரை தொடுவதில்லை.”

இடம் குறைந்த கருவியை வைத்திருந்தவர் ஓடவிட்டார்; இடம் நிறைந்த கருவியை வைத்திருந்த நான் நிறுத்தினேன். எனவே பழைய கருவி நல்லது, புதியது தீயது என்று நான் சொல்ல வரவில்லை. என் கருவியில் குறை ஒன்றுமில்லை. அவ்வா பேசியதைக் கேட்க வேண்டிய பேச்சு என்று நான் கருதவில்லை, அவ்வளவே. கேளாததை எறிந்துவிடும் மினிடிஸ்க்கின் கணக்கைக் குறை கூறக் கற்ற நான், அதைவிடக் கூடுதலாக எறிந்திருக்கிறேன்.

தட்டுகளைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்த அந்த ஜனவரியில்தான், பதியத்தக்க மினிடிஸ்க்குகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு நிறுத்துவதாக சோனி அறிவித்தது. நாடா வாக்மேனின் ஜப்பானிய விற்பனை 2010இலேயே முடிந்துவிட்டது. அதற்குள் அது 20 கோடிக்கும் மேல் விற்றிருந்தது. ஒரு நிறுவனம் தான் செய்த பொருளை நிறுத்துவதில் வியப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வடிவமும் போகும்போது, அதில் பதிந்த குரல்களைக் கேட்கும் வழியும் மெல்லப் போகிறது. எத்தனை பல்கலைக்கழக அலமாரிகளில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றனவோ!

பிப்ரவரி இறுதியில் ஊருக்குப் போனேன். அவ்வா பேசும் பகுதிகளை மட்டும் பிரித்து, பேத்தியின் கைப்பேசியிலும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தேன். அவள் தன் காதொலிப்பானின் ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையைத் தாயின் காதிலும் வைத்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மழைக் கதை ஓடத் தொடங்கியபோது தாய், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன குழந்தை நான்தான்” என்றார். அது எனக்குத் தெரியாது. நாடாவில் அவ்வா குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை.

ஒரு பகுதியைக் கேட்டதும் தாயின் முகம் மாறியது. நிலத்தைப் பற்றிய பழைய சண்டை ஒன்றை அவ்வா அதில் பேசியிருக்கிறார். அதில் வருபவர்களின் பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். “இதை வெளியே யாருக்கும் கொடுக்காதே, அம்மா” என்றார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும் தொகுப்பில் அது இராது. குடும்பத்திடம் மட்டும் இருக்கும். 1994இல் பதியச் சம்மதித்தவர் அவ்வா. அந்தப் பேச்சில் வரும் மற்றவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்று புதிதாகக் கற்றுக்கொண்ட ஆர்வத்தில் இதை மறந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே குறித்துக்கொண்டேன்.

புறப்படும்போது பேத்தியிடம் கேட்டேன், உங்கள் அம்மா பேசுவதைப் பதிந்துகொள்ளலாமா என்று. அவள் தாயிடம் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். கருவியை ஓடவிட்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். முதல் கால் மணி நேரம் அந்தம்மா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் மறந்துவிட்டார்.

இதை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ துறையிலோ பேச்சுப் பதிந்த பழைய நாடாக்கள் இருந்தால், முதல் வேலையாக அவற்றின் மேல் விளிம்பிலுள்ள சிறு நெகிழித் தாழ்களை உடைத்துவிடுங்கள். பிறகு அவற்றின் மேல் தவறுதலாக யாரும் பதிய முடியாது. கருவியின் முனையைத் துடைத்துவிட்டு, வேண்டாத நாடா ஒன்றை முதலில் ஓட்டிப் பாருங்கள். கணினிக்கு மாற்றும்போது சுருக்காத வேவ் வடிவில், குறைந்தது 44.1 கிலோஹெர்ட்சில் பதியுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிவையுங்கள்.

மாற்றும்போது அருகிலேயே உட்கார்ந்து கேளுங்கள். நான்காம் இயல் காத்திருக்கட்டும்.